அயல்வீட்டுக்குக் கொடுப்பது வேறு, விற்பது வேறு



நம் வீட்டில் வட்டிலப்பம் அவித்தால் ஒரு துண்டாவது அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பதில்லை. நோன்பு காலத்தில் கஞ்சிக் கோப்பைகள் வேலிக்கு வேலி மாறுகின்றன. கோப்பையை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் நாலு பேரீச்சம்பழம் வைத்துத் தருகிறோம். உப்புக் கூடிப் போனாலும், அடி பிடித்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. அது அன்பளிப்பு.

அதே வட்டிலப்பத்தைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி, விலை சொல்லி, பணம் வாங்கினால் அது அன்பளிப்பு அல்ல. வாங்கியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. நமக்குப் பதில் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. செய்த கையும் அதே கை, அடுப்பும் அதே அடுப்பு என்பதால் இந்த மாற்றம் நம் கண்ணுக்குப் படுவதில்லை. இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வந்திருக்கிறேன்.

நான் திருகோணமலைத் துறைமுகக் கரையில் வாழ்பவள். எங்கள் பக்கத்து ஆண்களில் பலருக்குக் கடலோடும் துறைமுகத்தோடும்தான் பிழைப்பு. நாம் ரொட்டி தட்டுகிற கோதுமை மாவும் இந்தத் துறைமுகத்தோடு சேர்ந்ததுதான். நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வருகிற தானியத்தைச் சீனக்குடாவில் உள்ள பிரிமா ஆலை அரைக்கிறது. 1977ல் ஒப்பந்தமாகி 1980ல் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. ஆக, கப்பலில் வந்த கோதுமை ஆலையில் மாவாகி, எங்கள் குசினியில் ரோல்ஸும் சம்சாவுமாகி, மறுபடி வீதிக்கே வருகிறது.

எங்கள் பகுதியில் வீட்டிலிருந்து உணவு விற்பது புதிதல்ல. காலை இடியப்பமும் பிட்டும் விற்று, விதவைத் தாய்மார் பிள்ளைகளைப் படிக்க வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26ல் வந்த சுனாமிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களிலும், யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களிலும், அடுப்பை மட்டுமே முதலாகக் கொண்டு எழும்பிய பெண்கள் இருக்கிறார்கள். பின்பு 2022 வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு கொடுக்க வேண்டியிருந்தது. புருஷனின் சம்பளம் மட்டும் போதாமல் போன வீடுகளில், அதுவரை ஒரு சதத்துக்கும் விற்றறியாத பெண்களும் மாவைப் பிசையத் தொடங்கினார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹலாலான உழைப்பு. ஆனால் பழைய காலத்து இடியப்பக்காரிக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவளிடம் வாங்கியவர்கள் அவள் தெருவிலேயே இருந்தார்கள். அவள் கிணற்றையும் அடுப்பையும் அறிந்திருந்தார்கள். ஒருவருக்கு வயிறு சரியில்லை என்றால் அன்று மாலையே அவள் காதுக்கு வரும். இப்போது அப்படி இல்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, வள்ளத்துக்குக் காத்திராமல் உணவுப் பெட்டி ஓட்டோவில் ஏறித் துறையைக் கடக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் போட்டால் நம் முகம் அறியாதவர்கள் ஓடர் தருகிறார்கள். நாம் விடியலில் செய்த கட்லட்டை யாரோ ஒருவர், எங்கோ ஓரிடத்தில், மாலை நாலு மணிக்குச் சாப்பிடுகிறார். இடையில் அது எங்கே இருந்தது, எந்த வெயிலில் இருந்தது என்பது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ராத்தா இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்கு மீன் ரோல்ஸ் கொடுத்து வந்தார். சுத்தமான கை. சுபஹுக்கு முன்பே எழுந்து பொரித்து, ஆறு மணிக்கு மகனிடம் கொடுத்தனுப்புவார். ஒரு நாள் மாலை ஒரு கடையில் ரோல்ஸ் சாப்பிட்ட சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. கடைக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: அந்த வீட்டுச் சாமான்தான் காரணம்.

காலையில் கொடுத்த ரோல்ஸ் மாலை வரை கண்ணாடி அலுமாரிக்குள் வெயில் பட்டுக் கிடந்ததை ராத்தா சொன்னார். அதே ரோல்ஸைக் காலையில் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னார். ஆனால் எத்தனை கொடுத்தார், எத்தனை மணிக்குக் கொடுத்தார், எந்த நேரத்துக்குள் விற்று முடிக்கச் சொன்னார் என்று ஒரு துண்டுக் கடதாசியும் அவரிடம் இல்லை. முறைப்பாடு செய்யலாம் என்றால் அதற்கும் பயம். “முதல்ல உங்கட பதிவைக் காட்டுங்க என்டு கேட்டா நான் என்னத்தக் காட்டுற?” என்றார். கடைக்காரரிடம் கடைக்குரிய பத்திரங்கள் இருந்தன. இவரிடம் எதுவும் இல்லை. இரண்டு கடைகளும் நின்றன. வரவேண்டிய பாக்கிப் பணமும் வரவில்லை. மகளின் டியூஷன் அந்த மாதத்தோடு நின்றது.

பிழை யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் பெண் தன் பக்கத்தைச் சொல்ல வாய் இருந்தும் வாயில்லாதவராக நின்றார் அல்லவா? அதுதான் என் மனதை உறுத்தியது. சட்டம் என்றால் நம்மைப் பிடிக்க வருகிற வலை என்று நினைத்து ஒளிந்து விற்கிறோம். ஒளிந்து விற்பவளுக்கு ஒரு பிரச்சினை வந்தால் அவள் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை. நான் உங்களிடம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்: விதிகளுக்குள் வருவது, வாங்குகிறவரைக் காப்பது போலவே விற்கிற பெண்ணையும் காக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் உணவு விற்பனைக்கு அடிப்படை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். உடம்புக்குக் கேடான உணவையோ, பழுதான உணவையோ, கலப்படம் செய்ததையோ விற்கக் கூடாது. பொய்யான விவரத்தோடும் விற்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். “வீட்டில் செய்தது, சின்ன அளவு” என்பது அந்தக் கடமையிலிருந்து யாரையும் விடுவிக்காது. சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள், உணவு செய்யும் இடமும் ஆளும் எப்படி இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உணவு தயாரிக்கும், வைத்திருக்கும், விற்கும் இடங்களைப் பதிவு செய்யக் கேட்கின்றன.

இதைக் கேட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். எங்கே போவது, யாரிடம் கேட்பது?

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடம்தான். பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும், வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக் போகவும் நாம் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனோமோ, அதே பணிமனை. நம் வீட்டுக்கு வந்து பிள்ளையின் நிறையைப் பார்க்கும் மிட்வைஃப் மிஸ்ஸும், உணவிடங்களைப் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே பணிமனையைச் சேர்ந்தவர்கள். 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள் முதல் இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவி வந்திருக்கிறது. பிள்ளைப்பேற்றில் நம்மைக் காத்த பணிமனையை, வியாபாரம் என்றதும் ஏன் எதிரியாகப் பார்க்க வேண்டும்?

அங்கே போய், நீங்கள் எந்தப் பகுதி, என்ன உணவு, எவ்வளவு செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் பகுதிப் பரிசோதகர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் நகர சபையிலோ பிரதேச சபையிலோ அந்தத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரை விட்டு வேறொரு கடைப்பெயர் வைத்து விற்பதானால் பிரதேச செயலகம் மூலம் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். பதிவு கையில் இருந்தால் வங்கியில் சிறு கடன் கேட்கலாம், பெரிய கடைக்குச் சாமான் கொடுக்கலாம்.

“அந்நிய ஆம்பிளைக்குக் குசினியில் என்ன வேலை?”

நான் பதியப் போகிறேன் என்றதும் என் மாமி கேட்ட முதல் கேள்வி இதுதான். “நம்மட குசினிக்குள்ள அந்நிய ஆம்பிளைக்கு என்ன வேல?”

நான் சொன்னேன்: “நம்மட சாப்பாட்ட எத்தனையோ அந்நிய ஆக்கள் சாப்பிடுறாங்களே மாமி. அவங்கட சார்பிலதான் அவர் வாறார்.”

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உன்ட புருஷனும் வீட்ட நிக்கட்டும்” என்றார். அப்படியே செய்தோம். நேரம் சொல்லித்தான் பரிசோதகர் வந்தார். கணவர் கூட நின்றார். நான் ஒழுங்காக முக்காடிட்டு, கேட்டதற்குப் பதில் சொன்னேன். பத்துப் பதினைந்து நிமிட வேலை. பர்தாவைப் பேணுகிற எந்த வீட்டிலும் இதை இப்படி ஒழுங்கு செய்துகொள்ளலாம். வெட்கம் காரணமாக வாழ்வாதாரத்தை ஒளித்து வைக்கத் தேவையில்லை.

அவர் பார்த்தவை எவை தெரியுமா? தரை ஓடு பதித்ததா, அலுமாரி புதிதா என்று பார்க்கவில்லை. கை துடைக்கிற துணியைப் பார்த்தார். பாத்திரம் துடைக்கவும் மேசை துடைக்கவும் ஒரே துணியா என்று கேட்டார். மீன் வெட்டுகிற பலகையிலேயே வெங்காயமும் வெட்டுகிறோமா என்று கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கிணறு மூடியிருக்கிறதா, மலகூடக் குழி எவ்வளவு தூரம், குப்பை வாளிக்கு மூடி இருக்கிறதா, யன்னலுக்கு வலை இருக்கிறதா, பூனை உள்ளே வருமா, இவைதான். சமைப்பவருக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் சொன்னார். பூனை விஷயத்தில் மட்டும் மாமிக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

யன்னலுக்கு வலை அடித்தோம். இரண்டாவது பலகை வாங்கினோம். துணிகளைத் தினமும் அவித்துக் காயப் போடுகிறேன். இவை நம் பிள்ளைகளுக்கும் நல்லவைதானே?

எதில் தொடங்குவது?

புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது: காய்ந்ததிலும் இனிப்பிலும் தொடங்குங்கள். முறுக்கு, பணியாரம், மஸ்கட், தொதல், ஜாம் போன்றவற்றில் ஈரம் குறைவு, அல்லது சீனி மிக அதிகம். கிருமி பெருகுவது கடினம். மீன், இறைச்சி, முட்டை, தேங்காய்ப்பால், வெந்த சோறு சேர்ந்தவை அப்படியல்ல. ஈரமும் சத்தும் சூடும் சேர்ந்த இடத்தில் கிருமி வேகமாகப் பெருகும்.

உலகத்தின் பல சட்டங்களும் இதே கோட்டைத்தான் போட்டிருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு உணவுச் சட்டம், பாண், பிஸ்கட், ஜாம் போன்ற கெடாத வகைகளுக்கே முதலில் கதவைத் திறந்தது. சமைத்த சாப்பாட்டுக்கான வழி 2018ல் வந்த வேறொரு சட்டத்தின் மூலம்தான் வந்தது. இங்கிலாந்தில் வீட்டிலிருந்து விற்பவரும் தொடங்க 28 நாட்களுக்கு முன்பே உள்ளூர்ச் சபையில் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. இந்தியாவில் 2006ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011ல் அதன் கீழ் விதிகள் வகுத்தபோது, ஆண்டு வியாபாரம் 12 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேற்படாத சிறு தொழிலாளருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் இலகுவான பதிவு ஒன்றை வைத்தார்கள். எங்கும் கேள்வி ஒன்றுதான்: யார் செய்தார், எங்கே செய்தார், என்ன சேர்த்தார்?

சூடும் குளிரும் நேரமும்

உலக சுகாதார நிறுவனம் 2001ல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகளை வெளியிட்டது. சுத்தமாக இருங்கள், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வையுங்கள், நன்றாக வேக வையுங்கள், சரியான சூட்டில் வையுங்கள், நல்ல தண்ணீரும் நல்ல சாமானும் பாவியுங்கள். இதில் நான்காவதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். சமைத்த உணவு சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சூடாக வைப்பதானால் 60 பாகைக்கு மேல். குளிராக வைப்பதானால் 5 பாகைக்குக் கீழ். நடுவில் உள்ளது ஆபத்து. எங்கள் துறைமுகத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் சூட்டில் வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை இடிக்கும். இதை வேக வைத்தோ பொரித்தோ போக்க முடியாது. கொதித்த எண்ணெயில் போட்டேனே என்று சொல்வதில் பயன் இல்லை. ஆகவே நல்ல ரோல்ஸ் எண்ணெய்ச் சட்டியில் தொடங்குவதில்லை, மீன் வாங்குகிற இடத்தில் தொடங்குகிறது. ஐஸில் கிடந்த மீனை வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிரில் வையுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று மதியம் வரை தரையில் கிடந்ததை வாங்காதீர்கள்.

சோற்றுப் பார்சல் செய்பவர்களுக்கும் ஒரு சொல். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு கொதித்தாலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் அது முளைத்து நஞ்சைக் கக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் காலை எட்டு மணிக்கே கட்டி வைக்கும் மதியச் சோறு நல்லதல்ல. கட்டும் நேரத்தைச் சாப்பிடும் நேரத்துக்கு அருகில் கொண்டு வாருங்கள்.

சுற்றுகிற பொருளிலும் கவனம் வேண்டும். 2017 செப்டெம்பர் முதலாம் திகதி முதல் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிஃபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. எண்ணெய்ப் பலகாரத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றினால் அச்சு மை உணவில் ஏறும். வாழையிலை நம் முற்றத்திலேயே இருக்கிறது.

ஈரத்தை மேலே வைப்போம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு நமக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவர்கள் கேட்டது. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அந்த வியாபாரியிடம் சொல்லவில்லை. மறைக்காதே என்றார்கள்.

நாம் பொதியில் ஒட்டுகிற லேபிளுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உணவின் பெயர், சேர்த்த பொருட்கள், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் பெயர், விலாசம். இவற்றை எழுதுவது ஈரத்தை மேலே வைப்பதுதான். கச்சான் சேர்த்திருந்தால் சொல்லுங்கள். இறால் சேர்த்திருந்தால் சொல்லுங்கள். சிலருக்கு அவை உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தரும். நேற்றுச் செய்ததை நேற்றுச் செய்தது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்பதில் குறைவில்லை. இனிப்புக்குப் போடுகிற நிறம் உணவுக்கென்று அனுமதிக்கப்பட்டதா என்று டப்பாவில் பாருங்கள். சீலைக்குப் போடும் சாயங்களும் சில இடங்களில் பலகாரத்துக்குள் வந்திருக்கின்றன. பேர் ஊர் இல்லாத சாயப்பொடியைக் குசினிக்குள் எடுக்கவே வேண்டாம்.

ஹலால் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சமையல் ஹலால் என்பது நமக்குத் தெரியும். கேட்பவரிடம் வாயால் சொல்லலாம். ஆனால் ஹலால் இலச்சினை வேறு விஷயம். நம் நாட்டில் 2014 முதல் ஹலால் அத்தாட்சிப் பேரவை சான்றிதழ் வழங்கி வருகிறது. அந்தச் சான்றிதழைப் பெறாமல் அதன் முத்திரையைக் கணினியில் வெட்டி ஒட்டுவது பொய். ஹலாலான உணவைப் பொய்யோடு சேர்த்து விற்கலாமா?

கடைசியாக ஒரு கொப்பி. இது எந்தச் சட்டத்துக்காகவும் நான் தொடங்கியதல்ல. அந்த ராத்தாவின் நிலையைப் பார்த்துத் தொடங்கியது. என்ன மீன், எங்கே வாங்கியது, எத்தனை மணிக்குப் பொரித்தது, எத்தனை கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எத்தனை மணிக்குள் விற்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு வரி. கடைக்குக் கொடுக்கும்போது அதே விவரத்தைத் துண்டில் எழுதி, வாங்குபவரிடம் கையொப்பம் வாங்குகிறேன். முதல் வாரம் ஒரு கடைக்காரர் சிரித்தார். இப்போது மீதி ரோல்ஸைக் குறித்த நேரத்தில் அவரே திருப்பி அனுப்புகிறார்.

இன்று அந்த ராத்தாவும் பதிந்து, ஓடருக்கு மட்டும் செய்கிறார். டியூஷனும் மறுபடி தொடங்கியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் உங்களிடம் எல்லாம் இலகு என்று சொல்ல மாட்டேன். ஒற்றை அறை வீட்டில், ஒரே அடுப்பில் வாழ்கிற பெண் தனிச் சமையலறைக்கு எங்கே போவாள்? வலையும் பலகையும் வாங்கவே கடன்படுகிறவள் என்ன செய்வாள்? அவளை விரட்டுவதற்கு விதி வந்ததாகிவிடக் கூடாது. இங்கேதான் நம் மாதர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வேலை இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளியில் பெரிய அடுப்பும் கிடாரங்களும் இருக்கின்றன. ஆண்டில் பதினொரு மாதம் அவை தூங்குகின்றன. பெண்களுக்கெனத் தனி நேரம் வைத்து, முறைப்படி பதிந்த ஒரு பொதுச் சமையலறையாக அதை ஆக்கினால் பத்துக் குடும்பங்கள் பிழைக்கும். ஸகாத் நிதியில் ஓர் ஏழைப் பெண்ணுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பது போல, ஒரு குளிர்சாதனப் பெட்டியும் வாங்கிக் கொடுக்கலாமே. உங்கள் ஊரில் இதைப் பேசுங்கள்.

சகோதரிகளே! விற்றுக் கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு கொப்பி வாங்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் பரிசோதகரின் பெயரைக் கேட்டு வாருங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் நாலு பேர் சேர்ந்து போங்கள். பதிலும் நாலு பேருக்குக் கிடைக்கும். வாங்குபவர்களாக இருப்பவர்களும் ஒன்று செய்யுங்கள். எப்போது செய்தது, என்ன சேர்த்தது என்று கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பது செய்தவளை அவமதிப்பதாகாது. அவள் சொன்ன பதில் உண்மை என்றால், நாளைக்கும் அவளிடமே வாங்குங்கள்.

நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைத் தருவானாக.